600 கிலோமீற்றரும் 40,000 சொல்லும்: ஓராண்டுக் கணக்கை எழுதி வைப்பது எப்படி

"இந்த வருசம் உடம்பைக் கவனிக்கவேண்டும், நிறைய எழுதவேண்டும்" என்று கொப்பியில் எழுதினால் அடுத்த கிழமை அந்த வரிக்குக் கீழே எழுத ஒன்றும் இருக்காது. எண்ணக்கூடியது எதுவும் அதில் இல்லை. "600 கிலோமீற்றர் நடை-ஓட்டம், 40,000 சொல் முதற்படி" (முதற்படி என்றால் திருத்தமுன் எழுதும் முதல் வடிவம்) என்று எழுதினால் எண்ணலாம், கூட்டலாம், எங்கே நிற்கிறோம் என்று பார்க்கலாம். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த இரண்டு எண்களையே உதாரணமாக எடுத்திருக்கிறோம். உங்களுடையது சைக்கிளாகவோ மிருதங்கமாகவோ ஓவியமாகவோ இருக்கலாம். கணக்கு வைக்கும் முறை ஒன்றுதான்.

பதிவு எதற்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வருகிற திங்கட்கிழமையில் இருந்து எதை மாற்றவேண்டும் என்று ஞாயிறு மாலை உங்களுக்குச் சொல்வதற்காகத்தான் அது. அந்த முடிவுக்கு உதவாத எதையும் எழுதவேண்டாம்.

எதை எண்ணுவது

உடம்புக்கு ஒன்று, கலைக்கு ஒன்று, அவ்வளவுதான். முதல் ஆண்டில் மூன்றாவது வேண்டாம். அந்த இரண்டும் உங்கள் கையில் இருப்பவையாக இருக்கவேண்டும். "8 கிலோ நிறை குறைப்பேன்", "என் கதை பத்திரிகையில் வரும்" என்பவை முழுக்க உங்கள் கையில் இல்லை. நிறை உப்புக்கும் தண்ணீருக்கும் ஆடும். கதையை எடுப்பதும் விடுவதும் ஆசிரியரின் முடிவு. ஓடிய தூரம், இருந்த நிமிடம், எழுதிய சொல், வரைந்த ஒற்றை ஆகியவற்றை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. அவற்றை நாள்தோறும் எழுதுங்கள். விளைவுகளை மாதம் ஒருமுறை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு ஏற்ற நாள் எது என்று பின்னால் சொல்கிறோம்.

எவ்வளவு உடற்பயிற்சி போதும் என்று தெரியாதவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் நல்ல தொடக்கம். பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. அத்துடன் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. மிதமானது என்றால் கதைக்க முடியும், பாட முடியாது. கடுமையானது என்றால் இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். நீரிழிவு, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

52ஆல் வகுக்கவேண்டாம்

புதியவர்கள் செய்யும் முதற் பிழை இதுதான். 600 கிலோமீற்றரை 52 கிழமையால் வகுத்தால் கிழமைக்கு 11.5 வரும். காகிதத்தில் இலேசாகத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆண்டு ஒரே சீராகப் போவதில்லை. எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கிறது. ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், பள்ளம் எது தார் எது என்று தெரியாது. மழை விட்டதும் நுளம்பு பெருகி டெங்குக் காய்ச்சல் வரும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள். வீட்டில் ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு, வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் என்று இன்னும் இரண்டு கிழமை போகும்.

இதை வருமுன் கழித்துவிடுங்கள். மழைக்கு 6 கிழமை, திருவிழாவுக்கு 2, காய்ச்சலுக்கும் வீட்டு அலுவலுக்கும் 2. மிச்சம் 42. இந்தப் பத்துக் கிழமைக்கும் திட்டமே பூச்சியம். அந்த நாட்களில் ஓடினால் அது கைமிச்சம்.

42 கிழமைக்கும் சமமாகப் பிரிக்கவும் கூடாது. ஓடிப் பழகாத கால் முதல் கிழமையிலேயே 14 கிலோமீற்றரைத் தாங்காது. மூச்சு மூன்று நான்கு கிழமையில் பழகிவிடும். குதிக்கால் தசைநாணும் முழங்காலும் பழக மாதக்கணக்காகும். "நல்லா ஓட முடியுதே" என்று தூரத்தைக் கூட்டுகிறவர்கள் இரண்டாம் மாதத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த இடைவெளியால்தான். ஆகவே இப்படி ஏறுங்கள்:

முதல் 6 கிழமை: கிழமைக்கு 8 கி.மீ. (2.5, 2.5, 3 என்று மூன்று நாள்). மொத்தம் 48.
அடுத்த 6 கிழமை: 9, 10, 12, 13, 14, 14. மொத்தம் 72.
மிச்சம் 30 கிழமை: கிழமைக்கு 16 கி.மீ. (4, 4, 3, 5 என்று நான்கு நாள்). மொத்தம் 480.

கூட்டினால் 600. முதல் 6 கிழமையும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்தாலே போதும்.

எழுத்துக்கு இதே ஆண்டை மறுபக்கமாகத் திருப்புங்கள். மழை நாளில் வெளியே போக முடியாது; மேசையில் இருக்கலாம். வயலுக்குக் காலபோகம் உள்ளதுபோல எழுத்துக்கும் ஒரு போகம் வைத்துக்கொள்வது இந்த மண்ணின் ஆண்டுக்குப் பொருத்தமானது. 40,000 சொல்லை இப்படிப் பிரிக்கலாம்: வெயில் காலத்தில் 28 கிழமை, கிழமைக்கு 700 சொல், மொத்தம் 19,600. புரட்டாதி கடைசியில் இருந்து மார்கழி வரை 12 கிழமை, கிழமைக்கு 1,700 சொல், மொத்தம் 20,400. மிச்சமுள்ள 12 கிழமையில் புதுச் சொல் கிடையாது, திருத்தம் மட்டும். 700 என்றால் மூன்று நாள் இருந்து நாளுக்கு 235 சொல். 1,700 என்றால் ஐந்து நாள், நாளுக்கு 340.

ஆண்டை ஜனவரி 1இல் தொடங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. தைப்பொங்கல் கழிந்த திங்கட்கிழமை இங்கே நல்ல நாள். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், விடியற்காலை குளிராக இருக்கும், பண்டிகைப் பலகாரமும் வீட்டில் தீர்ந்திருக்கும்.

கொப்பி

ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு அடிமட்டம், ஒரு பென்சில், ஒரு வரைபுத்தாள். பேனையை விடப் பென்சில் நல்லது. வியர்த்த கை பட்டாலும் மழைத்துளி விழுந்தாலும் ஊறிப் பரவாது. போனிலும் கணினியிலும் வைக்கலாம், பிழையில்லை. ஆனால் முதல் மூன்று மாதம் கையால் எழுதிப் பாருங்கள். எந்த நிரல் தேவை, எது வீண் என்று கைக்குத்தான் கெதியாகத் தெரியும்.

கொப்பியின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு கிழமை. இடப்பக்கம் உடம்பு, வலப்பக்கம் கலை. இடப்பக்கத்துக்கு ஆறு நிரல்: நாள், தொடங்கிய நேரம், தூரம், நிமிடம், கடினம், குறிப்பு. ஒரு வரி இப்படி இருக்கும்:

செவ்வாய் / 5.40 / 4.0 கி.மீ. / 36 / 4 / கடைசி அரைக் கிலோமீற்றரில் இடது முழங்கால் நொந்தது

"கடினம்" என்பது 0 முதல் 10 வரை நீங்களே போடும் புள்ளி. 0 சும்மா இருப்பது; 3 மிதம்; 5 கடினம்; 7 மிகக் கடினம்; 10 இனி ஒரு அடியும் வைக்க முடியாது. ஓடி முடித்து அரை மணித்தியாலத்துக்குள் போடுங்கள். நிமிடத்தைக் கடினத்தால் பெருக்கினால் அன்றைய பாரம் கிடைக்கும். 40 நிமிடம், கடினம் 4 என்றால் 160. 30 நிமிடம், கடினம் 7 என்றால் 210. நேரம் குறைந்த இரண்டாவது ஓட்டம்தான் உடம்பிடம் கூட வாங்கியிருக்கிறது. தூரத்தை மட்டும் எழுதுகிறவருக்கு இது தெரியவராது. கிழமைப் பாரம் போன கிழமையை விடத் திடீரென ஒன்றரை மடங்காகப் பாய்ந்திருந்தால் அடுத்த கிழமையைக் குறையுங்கள், நோ இல்லாவிட்டாலும்.

வலப்பக்கத்துக்கு நான்கு நிரல் போதும்: நாள், இருந்த நிமிடம், வந்த அளவு, அடுத்த முறை எங்கிருந்து. கடைசி நிரல்தான் இதில் பொன். "கிழவி படலையடியில் நிற்கிறாள், தபால்காரன் இன்னும் வரவில்லை" என்று ஒரு வரி எழுதி வைத்தால் மறுநாள் இருபது நிமிடம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வரைபுத்தாளைச் சுவரில் ஒட்டுங்கள். தாளைக் கிடையாக வைத்து, கிழமைக்கு 4 மில்லிமீற்றர் விடுங்கள். 52 கிழமைக்கு 20.8 சென்ரிமீற்றர். நிலைக்குத்தில் 1 சென்ரிமீற்றருக்கு 40 கிலோமீற்றர். 600க்கு 15 சென்ரிமீற்றர். திட்டக் கோட்டை முதலிலேயே மெல்லிய பென்சிலால் போடுங்கள். அது நேர்கோடாக வராது. தொடக்கத்தில் சரிவு குறைந்து, பிறகு நிமிர்ந்து, திருவிழாவில் இரண்டு கிழமை தட்டையாகி, மழையில் ஆறு கிழமை தட்டையாகக் கிடக்கும். உங்கள் மொத்தத்தை ஒவ்வொரு ஞாயிறும் அதன்மேல் தடித்த புள்ளியாக வையுங்கள். நேர்கோட்டுத் திட்டம் போட்டவர்களுக்குக் கார்த்திகையில் தாளைப் பார்க்கவே மனம் வராது. தாங்கள் பிழை செய்யாமலே பின்தங்கியதாக அது காட்டும்.

தூரத்தை அளப்பது

போனில் தூரம் காட்டும் செயலிகள் போதுமான அளவு சரி. ஆனால் வீட்டுக்குள் இருக்கும்போதே தொடக்கப் பொத்தானை அழுத்தினால் செய்மதிச் சமிக்ஞை பிடிபடும்வரை கோடு அங்குமிங்கும் தாவி, ஓடாத தூரத்தைச் சேர்த்துவிடும். வெளியே வந்து ஒரு நிமிடம் நின்று தொடங்குங்கள். பற்றரி சேமிப்பு முறை இயங்கினால் திரை அணைந்ததும் சில போன்கள் பதிவை நிறுத்திவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் அதை நீக்கிவிடுங்கள்.

போன் இல்லாமலும் செம்மையாக அளக்கலாம். சைக்கிள் முன்சில்லின் காற்றூதும் வால்வைச் சரியாகக் கீழே கொண்டுவந்து நிலத்தில் சோக்கால் ஒரு கோடு. சைக்கிளில் ஏறி இருந்தபடி, இன்னொருவர் பிடிக்க, நேராகப் பத்துச் சுற்று உருட்டி மறு கோடு. இடைத்தூரத்தை அளவுநாடாவால் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு சுற்று. ஆள் ஏறி இருக்கவேண்டும், ஏனென்றால் பாரத்தில் ரயர் அமுங்கிச் சுற்றளவு குறையும். 28 அங்குலச் சில்லுக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர் வரும். இனிச் சில்லுக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு நீங்கள் வழமையாக ஓடும் ஒழுங்கைச் சுற்றை ஒருமுறை உருட்டி எண்ணுங்கள். சுற்றளவு 2.23 மீற்றர், துணி 336 தரம் சுற்றியது என்றால் உங்கள் வட்டம் 750 மீற்றர். நாலு வட்டம் 3 கிலோமீற்றர். ஆண்டு முழுவதும் வேறு கருவி வேண்டாம்.

பாடசாலை மைதானத்தில் ஓடுகிறவர்கள் அங்கே போட்டிருப்பது 400 மீற்றரா 200 மீற்றரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மைதானத்தின் அளவுக்கேற்பச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். 400 மீற்றர் என்பது உள்பாதைக்குத்தான். எட்டாவது பாதையில் ஒரு சுற்றுக்கு 50 மீற்றருக்கும் மேல் கூடும்.

வேகத்தை ஒப்பிடும்போது ஒன்று கவனம். குடாநாடு தட்டையான நிலம்; ஏறுவதற்கு மலை இல்லை. இங்கே காற்றுத்தான் மலை. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும். அப்போது பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் சைக்கிள் ஓடினால் போகும்போது நெஞ்சில் காற்று, வரும்போது முதுகில். மார்கழி, தையில் வாடை வடகிழக்கில் இருந்து வரும். போவது இலேசு, திரும்புவது பாடு. தையில் போன நேரத்தையும் ஆடியில் போன நேரத்தையும் பக்கத்தில் வைத்து "நான் பின்னுக்குப் போய்விட்டேன்" என்று கவலைப்படுகிறவர் காற்றை அளந்துவிட்டுத் தன்னை அளந்ததாக நினைக்கிறார். போக வர இரண்டும் சேர்ந்த நேரத்தை மட்டும், அதுவும் அதே மாதத்துக்குள் ஒப்பிடுங்கள். காற்று வந்தால் குறிப்பில் "சோளகம்" என்று ஒரு சொல் போதும்.

வெயிலும் இப்படித்தான். சித்திரை, வைகாசியில் அதே தூரத்துக்கு அதே வேகத்தில் இதயம் கூடத் துடிக்கும். தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் போகவேண்டும் அல்லவா? அந்த மாதங்களில் 5.30க்கு வெளிக்கிட்டு 6.30க்குள் முடியுங்கள். கடினப் புள்ளி ஒன்று கூடினால் வேகத்தைக் குறையுங்கள், தூரத்தை அப்படியே விடுங்கள்.

தசை, நிறை, இடுப்பு

இரண்டு நாள் போதும். தண்டால், குந்தி எழும்புதல், ஒரு கையால் பாரம் இழுத்தல். பாரத்துக்கு 5 லீற்றர் தண்ணீர்க் கான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே கால்வாசி நிரப்பி ஏற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றிலும் மூன்று தரம், தரத்துக்கு எட்டில் தொடங்கிப் பன்னிரண்டு. பன்னிரண்டும் ஒழுங்காக வந்தால் அடுத்த முறை பாரத்தைக் கூட்டுங்கள். நெஞ்சு நிலத்துக்குக் கிட்டப் போகாத தண்டாலை எண்ண வேண்டாம். அப்படி எண்ணினால் மூன்று மாதம் கழிந்து உங்கள் கொப்பியையே உங்களால் நம்ப முடியாது.

நிறை பார்ப்பதானால் காலையில், கழிப்பறை போய்வந்து, சாப்பிடமுன், அதே தராசில். ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. முதல்நாள் இரவு உப்புக் கூடிய கறியோடு வயிறு முட்டச் சோறு சாப்பிட்டாலே மறுநாள் ஒரு கிலோ கூடிக் காட்டும்; அது பெரும்பாலும் தண்ணீர். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுங்கள். 71.4, 72.1, 71.8, 71.0, 71.6, 72.3, 71.3 என்றால் சராசரி 71.6. இந்தச் சராசரியை நாலு கிழமைக்கு முந்திய சராசரியோடு ஒப்பிட்டால்தான் திசை தெரியும். தினமும் தராசு ஏறுவது மனதை உறுத்துகிறது என்றால் நிறையையே விடுங்கள், இடுப்பு போதும். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு முடித்த நேரத்தில் நாடாவைச் சுற்றுங்கள். தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90 சென்ரிமீற்றர், பெண்கள் 80 சென்ரிமீற்றர் என்பது கவனிக்கவேண்டிய எல்லை.

படுக்கையை விட்டு எழும்பமுன் ஒரு நிமிட நாடித்துடிப்பும் எழுதலாம். வழமையை விட 10 கூடினால் அன்று ஓட்டம் வேண்டாம். பல நேரம் காய்ச்சலுக்கு முன் வரும் தகவல் அது. காய்ச்சல் காய்ந்தால் கொப்பியில் "காய்ச்சல்" என்று எழுதிவிட்டுப் படுங்கள். டெங்கு வந்தவர்கள் மருத்துவர் சொல்லும்வரை திரும்பத் தொடங்கவே கூடாது.

சொல்லை எண்ணுவது

தமிழில் சொல் எண்ணும்போது ஒரு சிக்கல் உண்டு. கணினி இடைவெளியை வைத்துத்தான் எண்ணும். "வந்து கொண்டிருந்தார்கள்" என்று பிரித்தால் இரண்டு, "வந்துகொண்டிருந்தார்கள்" என்று சேர்த்தால் ஒன்று. ஒரே ஆள் ஒரே கதையைப் பிரித்தும் சேர்த்தும் எழுதினால் நூற்றுக்கணக்கில் வேறுபாடு வரலாம். இதற்காகச் சொல்லைப் பிரித்து எழுதத் தொடங்கிவிடாதீர்கள். உங்கள் வழமைப்படியே எழுதுங்கள்; அடுத்தவர் எண்ணோடு மட்டும் ஒப்பிடவேண்டாம். எழுத்தெண்ணிக்கை இதைவிட மோசம். "யாழ்ப்பாணம்" என்பதில் ஆறு எழுத்து. கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனிக் குறியாக எண்ணும் மென்பொருள் பதினொன்று என்று காட்டும்.

கையால் எழுதுகிறவர்கள் பத்து வரியை எண்ணிச் சராசரி எடுங்கள். வரிக்கு 6 சொல், பக்கத்துக்கு 28 வரி என்றால் ஒரு பக்கம் 168. இனிப் பக்கத்தை எண்ணினால் போதும். பழைய கதைகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் இப்போதே யூனிகோட்டுக்கு மாற்றிச் சேமியுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

திருத்தும் கிழமைகளில் சொல்லை எண்ணாதீர்கள். நல்ல திருத்தத்தில் 2,000 சொற் கதை 1,600 ஆகும். கொப்பி அதை நட்டமாகக் காட்டும். அப்போது நிமிடம் மட்டும் எழுதுங்கள், கூடவே கதை எந்தப் படியில் நிற்கிறது என்று குறியுங்கள்: முதற்படி, திருத்தம், ஒருவர் வாசித்தது, அனுப்பியது. முதற்படியில் மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் நிற்கக்கூடாது. நான்காவது கதை எவ்வளவு இனித்தாலும், நிற்கும் மூன்றில் ஒன்றை அடுத்த படிக்கு நகர்த்திய பிறகுதான் அதைத் தொடவேண்டும். இந்த ஒன்றில் கண்டிப்பு வேண்டும். தொடங்கிய கதைகள் குவிந்து முடிந்த கதை ஒன்றுமில்லாமல் ஆண்டு போவது இங்கேதான். அனுப்பியவற்றுக்குக் கடைசிப் பக்கத்தில் தனிப் பட்டியல்: தலைப்பு, எங்கே, எந்தத் திகதி, என்ன பதில்.

இசை பயில்கிறவர்கள் நிமிடத்தோடு வேகத்தையும் எழுதலாம். ஓர் அலங்காரத்தை நிமிடத்துக்கு 60 தட்டில் மூன்று காலமும் பிசகாமல் தொடர்ந்து மூன்று முறை வாசித்தால் அடுத்த நாள் 64. ஒரு தடவை பிசகினாலும் 60தான். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் பாடத்திட்டத்தில் உள்ள உருப்படிகளை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் கடைசியாக எப்போது முழுமையாகப் பாடினீர்கள் என்று திகதியிடுங்கள். கிழமை முழுவதும் பிடித்த கீர்த்தனையையே பாடிக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தில் உடனே தெரியும்.

ஓவியத்துக்கு ஒற்றைதான் அளவு. கிழித்தெறியவேண்டாம், பிழைத்ததற்கும் திகதி போடுங்கள்.

ஞாயிறு மாலைக் கால் மணி நேரம்

கிழமைத் தூரத்தைக் கூட்டுங்கள், சொல்லைக் கூட்டுங்கள், வரைபுத்தாளில் புள்ளி வையுங்கள். பிறகு குறிப்பு நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். "முழங்கால்" என்று மூன்று தரம் வந்திருக்கிறதா? "இரவு 9க்குப் பிறகு இருந்தேன், ஒன்றும் எழுத வரவில்லை" என்று எழுத்துப் பக்கத்தில் திரும்பத் திரும்ப இருக்கிறதா? அடுத்த கிழமைக்கு ஒரே ஒரு மாற்றம் எழுதுங்கள். இரண்டு எழுதினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

திட்டத்தில் 80 வீதம் வந்திருந்தால் எதையும் தொடாதீர்கள். 50க்குக் கீழே ஒரு கிழமை போனால் அதுவும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு கிழமை போனால் கிழமை அளவில் கால்வாசியைக் குறையுங்கள். 16 என்றால் 12. நூறுக்கு மேல் தொடர்ந்து மூன்று கிழமை வந்தால் பத்து வீதம் வரை கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பின்தங்கினால் என்ன செய்வது? 15ஆம் கிழமை முடிவில் திட்டப்படி 168 கிலோமீற்றர் வந்திருக்கவேண்டும், உங்களிடம் 130 என்று வையுங்கள். குறை 38. இதை அடுத்த கிழமையில் ஓடி முடிக்க நினைக்கிறவர்கள்தான் காலை உடைத்துக்கொள்கிறார்கள். மிச்சமுள்ள 27 வேலைக் கிழமைக்கும் பரப்புங்கள்: கிழமைக்கு 1.4 கிலோமீற்றர். ஒரு நாளில் ஒழுங்கையை இரண்டு வட்டம் கூட ஓடுவது, அவ்வளவுதான். பரப்பிய பிறகும் கிழமை அளவு 18ஐத் தாண்டுகிறது என்றால் ஆண்டு எண்ணையே குறைக்கவேண்டும். பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதியதையும் காரணத்தையும் திகதியையும் எழுதுங்கள்.

போயா நாள்

மாதம் ஒருமுறை விளைவைப் பார்க்க இதைவிட வசதியான நாள் இல்லை. அலுவலகம், வங்கி, பாடசாலை எல்லாவற்றுக்கும் விடுமுறை; கலண்டரிலேயே குறித்திருக்கும், மறக்காது. அன்று இடுப்பை அளவுங்கள். தொடர்ந்து எத்தனை தண்டால் என்று பாருங்கள். பிரதான வீதியில் இரண்டு கிலோமீற்றர்க் கற்களுக்கு இடையே நேரம் வைத்து ஒருமுறை போய்வாருங்கள், எப்போதும் அதே கற்கள். பாடுகிறவர்கள் அதே உருப்படியை, போனை ஒரு மீற்றர் தள்ளி வைத்து, அதே சுருதியில் பதிவு செய்யுங்கள். வரைகிறவர்கள் வீட்டுப் படலையை ஒவ்வொரு போயாவிலும் இருபது நிமிடத்துக்குள் வரையுங்கள். ஆறு படலையை வரிசையாக வைத்தால் கை எங்கே மாறியிருக்கிறது என்று அடுத்தவர் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே கொப்பியின் பக்கங்களைப் போனால் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். வெள்ளத்துக்கும் கறையானுக்கும் கொப்பி தாங்காது.

வழமையாகப் பிழைக்கும் இடங்கள்

மூன்று நாளைச் சேர்த்து ஒருநாள் எழுதுவது. நினைவு எப்போதும் தூரத்தைக் கூட்டிச் சொல்லும், கடினத்தைக் குறைத்துச் சொல்லும். கொப்பியைச் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் வையுங்கள், குளிக்கப் போகமுன் எழுதி முடியும். தவறவிட்ட நாளை ஊகித்து நிரப்பாமல் கோடு போட்டு விடுங்கள்.

வெறும் நாளுக்குக் காரணம் எழுதாதது. "மழை", "நைட் டியூட்டி", "விரதம்", "பஞ்சி" என்று ஒரு சொல். பஞ்சி என்றால் பஞ்சி என்றே எழுதவேண்டும். மூன்று மாதம் போனால், பஞ்சி எல்லாம் இரவு பதினொரு மணிக்குப் பிறகு படுத்த நாட்களில் வருகிறது என்பதுபோல ஏதாவது ஒன்று வெளிச்சமாகும். விரத நாளில் பாரம் தூக்கவேண்டாம். கந்தசஷ்டி ஆறு நாளும் மென்னடை போதும், அதையும் முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

எதைச் சேர்ப்பது என்று இடையில் விதியை மாற்றுவது. நல்லூருக்கு நடந்து போய்வந்தது சேருமா, சந்தைக்கு நடந்தது சேருமா? எப்படியும் முடிவெடுக்கலாம், தை மாதத்திலேயே முதற் பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும். எங்கள் கருத்து: இருபது நிமிடம் நிற்காமல் நடந்தால் சேரும், தேரோடு நின்று நின்று போனது சேராது. திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள், ஆகவே அந்தப் பக்கம் சைக்கிள் ஓடுகிறவர்கள் வேறு பாதையை அளந்து வைத்திருங்கள்.

தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று செயலி காட்டும் எண்ணைக் காப்பாற்றக் காய்ச்சலோடு ஓடுவது. அந்த எண்ணை மறைத்துவிடுங்கள். விடுபட்ட நாள் இயல்பானது. தொடர்ந்து இரண்டு வேலைக் கிழமை வெறுமையாகப் போகாமல் பார்த்தால் போதும்.

மார்கழி கடைசிக் கிழமையில் கணக்கை மூடுங்கள். ஆண்டு மொத்தம், உண்மையில் ஓடிய கிழமைகள் எத்தனை, வெறும் கிழமைகளுக்கு எந்தக் காரணம் எத்தனை தரம் என்று மூன்று வரி. 42 என்று நாம் ஊகித்தது உங்களுக்கு 37 ஆகவோ 45 ஆகவோ இருந்திருக்கும். அந்த எண்ணைத்தான் புதுக் கொப்பியின் முதற் பக்கத்தில் முதலில் எழுதவேண்டும். அடுத்த ஆண்டு இலக்கை அதால்தான் வகுக்கப்போகிறீர்கள்.